கைக்குழந்தை மூக்கடைப்பு: கல்வராயன் மலை வசம்பு முதல் உப்புத் தண்ணீர் வரை



மார்க்கெட்டிங் பேப்பருக்காகத் தைலக் கம்பெனிகளின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று போய், கடைசியில் கைக்குழந்தையின் மூக்கில் வந்து நின்றேன். "ஏன்டா, பி.காம். படிக்கிற உனக்கு இது எதுக்கு?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கப் படிக்க விட மனசு வரவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தக் குட்டி மூக்குக்குள் நாம் என்னென்னவோ போட்டிருக்கிறோம். அதில் பாதி வரலாறு நம்ம கள்ளக்குறிச்சி பக்கத்திலேயே கிடக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நமக்கு மூக்கு அடைத்தால் வாயைத் திறந்து மூச்சு விடுவோம். பிறந்த குழந்தைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. முதல் சில மாதங்கள் அது பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். தொண்டையின் அமைப்பே அப்படி. பால் குடித்துக்கொண்டே மூச்சும் விட வேண்டும் அல்லவா, அதற்கான ஏற்பாடு. ஆகவே கொஞ்சம் சளி காய்ந்து மூக்கில் ஒட்டிக்கொண்டாலே போதும், நாலு வாய் பால் குடிக்கும், காம்பை விட்டுவிட்டு அழும், மறுபடி பிடிக்கும், மறுபடி அழும். ராத்திரி முழுக்க வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. அந்த "ஏதாவது" என்னவாக இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். குழந்தையைக் குளிப்பாட்டுவது ஆயாவின் வேலை, இல்லாவிட்டால் ஊர் மருத்துவச்சியின் வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கைப் பிடித்து நீவி விடுவார்கள். பிறகு மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுவார்கள். சில வீடுகளில் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெயும் உண்டு. சளி ரொம்ப அடைத்திருந்தால் வாயை வைத்து உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். குளித்து முடித்ததும் சாம்பிராணிப் புகை. அப்புறம் உரைகல்லில் இழைத்த உரை மருந்து: வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு. வசம்புக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள், அதன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் "பேர் சொல்லாதது" என்றே பெயர். இன்னொரு பெயர் "பிள்ளை வளர்ப்பான்".

இதைக் கிண்டல் செய்து எழுதுவது சுலபம். எனக்கு அதில் இஷ்டமில்லை. காய்ந்த சளியை இளக்க வேண்டும், இளகியதை வெளியே எடுக்க வேண்டும், குழந்தையைக் குளிரில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்றும் ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. மூன்றும் சரி. எதை வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் சிக்கல்.

அதுவும் மலைமேல் வேறு வழி என்ன இருந்தது? கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் கதை.) சுதந்திரம் வந்த பிறகும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில்தான் இருந்தது. அது முடிவுக்கு வந்தது 1976இல். அதாவது இந்தியா குடியரசாகி கால் நூற்றாண்டு கழித்து. ரோடும் ஆஸ்பத்திரியும் அதற்கும் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறின. இன்னும் முழுசாக ஏறவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, அரசிடம் கேள்வி கேட்டது. காட்டில் கடுக்காய் உண்டு, வீட்டில் வசம்பு உண்டு, மழைக்கால ராத்திரியில் குளிர் உண்டு, டாக்டர் இல்லை. அந்த நிலைமையில் ஆயாதான் ஆஸ்பத்திரி.

நிற்க. எண்ணெயிலிருந்து ஆரம்பிப்போம்.

மூக்கில் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மேல்நாட்டு டாக்டர்களே எண்ணெயில் கலந்த மூக்குச் சொட்டு மருந்தைக் குழந்தைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1925இல் லாக்லென் என்ற மருத்துவர் இறந்தவர்களின் நுரையீரலைச் சோதித்தபோது அதற்குள் எண்ணெய் இருந்ததைக் கண்டு எழுதினார். இன்று அதை லிபாய்டு நிமோனியா என்கிறார்கள். விஷயம் இதுதான்: தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போனால் உடனே இருமல் வந்து தள்ளிவிடும். எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் இருமலைக் கிளப்பாமலே கீழே இறங்கிவிடும். இறங்கியதை நுரையீரலால் சீக்கிரம் வெளியேற்றவும் முடியாது. நம் பக்கத்திலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எஸ். பாலகிருஷ்ணன் என்பவரின் கட்டுரை ஒன்று வந்தது. தென்னிந்தியாவில் கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வரும் லிபாய்டு நிமோனியா என்பதுதான் அதன் தலைப்பே. ஐம்பது வருஷத்துக்கு முன்பே லண்டன் வரை போன செய்தி பல ஊர்களில் இன்னும் தலைவாசலைத் தாண்டவில்லை. உடம்பில் எண்ணெய் தேய்ப்பது வேறு, மூக்கில் விடுவது வேறு.

அடுத்தது என் பாடம், அதாவது வியாபாரம் :-)

1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனம் ஆரம்பித்தார். பிறகு கம்பெனி சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்து மக்களைப் பழக்கினார் என்பது விளம்பர வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை. அதே 1890களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய் கலந்து ஒரு களிம்பு செய்தார். அதுதான் பின்னால் விக்ஸ் வேப்போரப் ஆனது. அவர் மகன் தபாலில் வீடு வீடாக இலவச சாம்பிள் அனுப்பினார். 1918 விஷக்காய்ச்சல் வந்ததும் விற்பனை எங்கேயோ போய்விட்டது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு வியாபாரிகள் உலகின் இரண்டு மூலையில் ஒரே உத்தியைப் பிடித்திருக்கிறார்கள்: ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் அப்புறம் ஜனங்கள் விடமாட்டார்கள்.

ஏன் விடமாட்டார்கள்? மெந்தால் மூக்கில் இருக்கும் குளிர்ச்சி உணரும் நரம்பைத் தட்டிவிடுகிறது. உடனே மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கும். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், நமக்குத் தோன்றுவதுதான் மாறும். பெரியவர்களுக்கு அந்த நினைப்பே பாதி நிவாரணம், காசு கொடுத்து வாங்கலாம். கைக்குழந்தைக்கு அந்த நினைப்பால் என்ன பிரயோஜனம்? பால் குடிக்க அதற்கு வேண்டியது நிஜமான காற்று.

சும்மா பிரயோஜனமில்லை என்றால் பரவாயில்லை, விட்டுவிடலாம். 2009இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூக்கின் கீழே வேப்போரப் தடவியிருக்கிறார்கள். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தது. பிறகு ஃபெரெட் என்ற, கீரி போன்ற பிராணியின் மூச்சுக் குழாயில் சோதித்தபோது, சளி கூடுதலாகச் சுரந்தது, சுரந்த சளி நகர்வது குறைந்தது. கற்பூரம் இன்னும் மோசம். குழந்தை வாயில் போனாலும், தோல் வழியாக அதிகம் இறங்கினாலும் வலிப்பு வரலாம். அமெரிக்க அரசு 1983இலேயே மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டது. நம் வீட்டில் தேங்காயெண்ணெயில் கட்டிக் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவும்போது எத்தனை சதவீதம் என்று யார் அளந்தார்கள்? களிம்பு டப்பாவில் 2 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று போட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுத்து சின்னதாகத்தான் இருக்கும்.

இப்போது புகை. இந்த இடத்தில்தான் கள்ளக்குறிச்சி உலக வரலாற்றில் நுழைகிறது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே.

விறகு அடுப்புப் புகையால் குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறதா, அடுப்பை மாற்றினால் குறையுமா என்று பார்க்க ஹாபின் என்ற பெரிய ஆய்வு நான்கு நாடுகளில் நடந்தது: குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்தவை கள்ளக்குறிச்சி வட்டாரமும் நாகப்பட்டினமும். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நடத்தினார்கள். ஆள் சேர்ப்பு 2018இல் தொடங்கியது. அப்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். நாட்டுக்கு 800 கர்ப்பிணிகள் வீதம் மொத்தம் 3200 பேர். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இலவச சிலிண்டரும். மீதிப் பாதிப் பேர் வழக்கம்போல விறகு.

புகை குறைந்ததா? நன்றாகவே குறைந்தது. கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் விறகு வீட்டில் கன மீட்டருக்கு சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் வீட்டில் சுமார் 24. அப்படியானால் குழந்தைகளின் நிமோனியாவும் மூன்றில் ஒரு பங்காகியிருக்க வேண்டுமே என்று தோன்றும். 2024 ஜனவரியில் முடிவு வெளியானது. பிறந்த 3061 குழந்தைகளில் கடுமையான நிமோனியா 175 தடவை. நூறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு கேஸ் வீட்டில் 5.67, விறகு வீட்டில் 6.06. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு அரை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு செலவு, இவ்வளவு உழைப்பு, நான்கு நாடுகள். கடைசியில் "இல்லை". ஆனால் அந்த "இல்லை"யை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதுவே பெரிய விஷயம். புகை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் வருஷத்தில் நிமோனியாவைக் குறைக்க அடுப்பு மட்டும் போதாது என்றுதான் அர்த்தம். தடுப்பூசி, சத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இந்த ஆய்வு சமையல் புகையைப் பற்றியது, சாம்பிராணியை அவர்கள் அளக்கவில்லை. இருந்தாலும் ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூக்குக்குப் பக்கத்தில் தணலில் பொடி தூவிப் புகை போடுவது மூக்கை இன்னும் எரிச்சலூட்டும் என்பதைச் சொல்ல பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஈரத் தலையைத் துண்டால் துடைத்தால் போதும்.

வேது பிடிப்பதும் இதே கதைதான். நொச்சி இலை போட்ட கொதிநீர்ப் பானை பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். குழந்தை காலை உதைத்தால் பானை கவிழ்ந்து வெந்துபோகும். ஆஸ்பத்திரித் தீக்காயப் பிரிவுகளுக்கு இது புதிதில்லை.

கடைசியாக சிரப். ஆயா காலத்தில் இல்லாதது, நம் காலத்தின் உரை மருந்து. மெடிக்கல் ஷாப்பில் "குழந்தைக்கு சளி" என்றால் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுக்கிறார்கள். சளி, இருமல் சிரப்களை 2 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் அறிவித்தது. இந்தியாவில் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என உத்தரவு வந்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இந்த வகை சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அது விஷம். பாட்டிலில் பாதி விஷம்! வெறும் ஜலதோஷம், தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் போயிருக்கும். என்னால் இந்த வரியைச் சாதாரணமாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? உப்புத் தண்ணீர். அவ்வளவுதான். ஹட யோகக்காரர்கள் நேத்தி என்று மூக்கில் நீர் விட்டுக் கழுவியது பழைய கதை. மனித ரத்தத்துக்குச் சமமான உப்புக் கரைசல் 0.9 சதவீதம் என்று கணக்குப் போட்டவர் ஹாம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி, அதே 1890களில். பாருங்கள், அமிர்தாஞ்சனம், விக்ஸ், உப்புத் தண்ணீர் மூன்றும் ஒரே பத்தாண்டுக் குழந்தைகள். உப்புத் தண்ணீருக்கு மட்டும் விளம்பரம் செய்ய ஆளில்லை, அதில் லாபம் கம்மி.

மெடிக்கல் ஷாப்பில் சலைன் மூக்குச் சொட்டு கிடைக்கும். லேபிளில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று இருந்தால் அது வேறு மருந்து, டாக்டர் சொல்லாமல் கைக்குழந்தைக்கு விடவே கூடாது. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். மலைமேல் கடை இல்லை என்றால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, அதில் பொடி உப்பு தலை தட்டிக் கால் டீஸ்பூன். அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிஷம் பொறுத்து, வெளியே வருவதைச் சுத்தமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரப்பர் பல்ப் வைத்து உறிஞ்சுவதானால் முதலில் வெளியே அமுக்கிக்கொண்டு, நுனியை லேசாக வைத்து, பிறகு விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் போனால் மூக்கு உள்ளே வீங்கிக்கொள்ளும். தாய்ப்பாலை மூக்கில் பீச்ச வேண்டாம், வயிற்றுக்குப் போகட்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம்.

ஒரு வேடிக்கை. ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சாதனம் இப்போது நகரத்துப் பெற்றோர்களிடம் பிரபலம். ஒரு முனை குழந்தை மூக்கில், குழாயின் மறுமுனை அம்மா வாயில், நடுவில் கிருமி தடுக்க ஒரு ஃபில்டர். அம்மா உறிஞ்ச வேண்டும்! ஆயா செய்ததும் இதேதான், ஃபில்டர் இல்லாமல். ஆனால் அந்த ஃபில்டரில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களின் வாய்க்கிருமி குழந்தை மூக்குக்குப் போவதும், ஊதும்போது சளி உள்ளே தள்ளப்படுவதும்தான் பழைய முறையின் ஆபத்து.

மூக்கடைப்பு எது, நிமோனியா எது என்று வீட்டிலேயே பிரித்தறிய முடியுமா? ஸ்டெதாஸ்கோப் இல்லாத இடங்களுக்காக இதற்கு விடை தேடியவர்களில் நம்மவர்களும் உண்டு. 1980களில் பாப்புவா நியூ கினியாவில் ஃபிராங்க் ஷான் குழந்தைகளின் மூச்சை எண்ணினார். 1988இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் செரியன், ஜேக்கப் ஜான் குழுவினர் லான்செட் இதழில் எழுதினார்கள்: ஒரு வயதுக்குள் நிமிஷத்துக்கு 50க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுப்பது, இவையே நல்ல அடையாளம். இன்று ஆஷா பணியாளர் முதல் கிராம செவிலியர் வரை இந்த வகை எண்ணிக்கையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் மூக்கடைப்பு இல்லை. பால் குடிக்கவே மறுப்பது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம், துவண்டு கிடப்பது, 3 மாதத்துக்குள் காய்ச்சல், இதில் எது இருந்தாலும் உப்புத் தண்ணீரை வைத்துவிட்டு 108க்கு அடிக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மலையிலிருந்து அங்கே வந்து சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

எண்ணுவதற்கு முழுசாக ஒரு நிமிஷம் வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும், ஏனென்றால் கைக்குழந்தை விட்டு விட்டுத்தான் மூச்சு விடும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் நிமிஷத்தைப் பார்த்துக்கொண்டு, வயிறு எத்தனை தடவை மேலே ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள்.